இறங்க மாட்டேன் என்றவன்

அன்புள்ள கால்குலேட்டருக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் போடாமல் மாதக்கணக்காகிவிட்டது. திட்டுவதென்றால் மொத்தமாகத் திட்டிவிடு, தவணை வேண்டாம். வீட்டில் எல்லோரும் சௌக்கியம். நம் ஓவர்சியர் ரிட்டயர் ஆகிவிட்டார். இன்னமும் எதிரே வருகிறவன் சட்டைப் பையில் பேனா இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறாராம்.

போன வாரம் எங்கள் சைட்டில் குழாய் பதிக்க வெட்டிய பள்ளம் சரிந்தது. பதறாதே, உள்ளே ஆள் இல்லை. ஏன் இல்லை என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

ஆளுயரத்தைத் தாண்டிய ஆழம். முந்தின ராத்திரி நல்ல மழை. வெட்டிய மண்ணையெல்லாம் விளிம்பிலேயே குவித்து வைத்திருந்தார்கள். வேலைக்குப் புதுசாக வந்த ஒரு பையன், விளிம்பை ஒட்டி நீளவாக்கில் ஓடிய வெடிப்பைப் பார்த்துவிட்டான். விரல் நுழையும் அகலம்தான். பயிற்சி வகுப்பில் அந்த மாதிரி வெடிப்பைப் படத்தில் காட்டியிருந்தேன். "இறங்க மாட்டேன்" என்று நின்றுவிட்டான். சூப்பர்வைசர் சும்மா இருப்பாரா? "வந்துட்டாரு இன்ஜினியரு! பத்து நிமிஷ வேலை. பயமா இருந்தா வீட்டுக்குப் போ." பையன் அசையவில்லை. அவனைப் பார்த்து மற்ற இரண்டு பேரும் தயங்கினார்கள். இவர்கள் வாக்குவாதம் பண்ணிக்கொண்டிருக்கும்போதே ஒரு பக்கம் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

ஒரு கனமீட்டர் மண் ஏறக்குறைய ஒன்றரை டன். ஈரமென்றால் இன்னும் கூடும். நெஞ்சுவரை மூடினாலே போதும், தலை வெளியே இருந்தாலும் மூச்சிழுக்க விலா விரியாது. மீதிக் கணக்கை நீ போட்டுக்கொள்.

எல்லோரும் பையன் முதுகில் தட்டுகிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. மூன்று உயிர் ஒருத்தன் பிடிவாதத்தில் தொங்குவதா? பள்ளத்தின் பக்கச் சுவருக்கு முட்டுக் கொடுப்பது, சரிவாக வெட்டுவது, மண்ணைத் தள்ளிக் கொட்டுவது, ஏணி வைப்பது, மழை விட்டதும் பள்ளத்தைச் சோதித்த பிறகே ஆளை இறக்குவது... இதில் எது அவன் கையில் இருக்கிறது? அத்தனையும் சூப்பர்வைசர் கையில். நாமோ தொழிலாளியை உட்கார வைத்து ஹெல்மெட் போடு, ஷூ போடு என்று ஓதி, கையெழுத்து வாங்கி ஃபைலில் போடுகிறோம். பாதிப் பேருக்கு வகுப்பு நடக்கும் மொழியே புரியாது. சூப்பர்வைசர் அந்த நேரத்தில் வெளியே போனில் இருப்பார். அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே.

எல்லாம் தெரிந்தவர்களை இந்த வாரம் தனியாகக் கூட்டினேன். ஒரே ஒரு கணக்கு கொடுத்தேன். மூன்று மீட்டர் உயரத் தளம், விழாமல் பிடிக்கும் பாதுகாப்பு பெல்ட்டின் கொக்கியை மாட்டியது கால் மட்டத்தில். ஆள் விழுகிறான். கயிறு 1.8 மீட்டர், அதில் அதிர்ச்சி தாங்க மடித்துத் தைத்த பட்டை பிரிந்தால் சுமார் ஒரு மீட்டர், கயிறு கோக்கும் முதுகு வளையத்திலிருந்து பாதம்வரை ஒன்றரை. கூட்டினால் நாலே கால் மீட்டருக்கு மேல். பெல்ட் பிடிப்பதற்குள் ஆள் தரையில். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு ஒருவர், "அப்போ பெல்ட்டே வேணாமா சார்?" என்றார்! தலையில் அடித்துக்கொள்ளாத குறை. முதலில் விளிம்புக்குக் கைப்பிடி கட்டுங்கள், அது முடியாத இடத்தில் கயிற்றைக் குட்டையாக்கித் தலைக்கு மேலே மாட்டுங்கள் என்று விளக்கி முடிக்க மணி ஒன்றாகிவிட்டது.

அப்புறம் கொஞ்சம் நாடகம் போட்டோம். ஒருவர் தொழிலாளி, "இறங்க மாட்டேன்" என்பார். இன்னொருவர் கேலி பண்ணாமல் பதில் சொல்ல வேண்டும். முதல் வாக்கியத்திலேயே தோற்றவர்கள்தான் அதிகம். நம் பழைய மேஸ்திரி மாதிரி ஒரு பெரியவர் மட்டும், "எதைப் பாத்தே? வா, காட்டு" என்றார். அந்த ஆளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

சந்தோஷம் அதோடு சரி. பள்ளத்து சூப்பர்வைசர் சாயங்காலம் வந்து, அந்தப் பையனைத் தன் கேங்கிலிருந்து மாற்றச் சொன்னார். 1988-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கட்டுமானத்துக்கென்றே கொண்டுவந்த 167-ஆவது உடன்படிக்கையில், உயிருக்கு ஆபத்தென்று நம்பக் காரணம் இருந்தால் விலகி நிற்கும் உரிமை தொழிலாளிக்கு இருக்கிறது என்றேன். "எழுத்துல இருக்கு சார். முடிக்கிற தேதியை என்கிட்டதானே கேக்குறாங்க?" என்றார். சட்டென்று பதில் வரவில்லை. அவர் சொன்னது பொய்யில்லை. இப்போதைக்குப் பையனை மாற்றவிடாமல் பிடித்து வைத்திருக்கிறேன். கான்ட்ராக்டர் ஒருநாள் "ஆள் ஜாஸ்தி" என்று நிறுத்திவிட்டால் நான் என்ன செய்ய? அப்புறம் எந்தப் பையன் வாயைத் திறப்பான்?

தேதி போடுகிற நாற்காலியில் இப்போது நீதான் இருக்கிறாய். எந்த வேலைக்கு எத்தனை நாள் என்று நீ வரையும் பார் சார்ட்டில் பள்ளம் தோண்ட நாள் உண்டு, குழாய் பதிக்க உண்டு. முட்டுக் கட்ட ஒரு நாள் உண்டா? மழை நின்ற காலையில் பள்ளத்தைச் சுற்றிப் பார்க்க அரை மணி உண்டா? இல்லையென்றால் உன் சூப்பர்வைசரும் நாளைக்கு "பத்து நிமிஷ வேலை" என்றுதான் சொல்வான்.

பதிலோடு சார்ட்டையும் அனுப்பு. உபரி நாட்களை எங்கே ஒளித்து வைப்பாய் என்று எனக்குத் தெரியும்.

உன்,
டியூப் லெவல்