காலை ஊன்றலாமா? சீட்டில் எழுதிக் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிடுகிறது. சிக்கல் வீட்டுக்கு வந்தபிறகுதான். டிஸ்சார்ஜ் சீட்டில் 'பிசியோதெரபி' என்று ஆங்கிலத்தில் ஒரு சொல் இருக்கும். காலை ஊன்றலாமா, எவ்வளவு பாரம் கொடுக்கலாம் என்பது வீட்டாருக்குப் புரியும்படி இருக்காது. பயத்தில் "எலும்பு கூடட்டும், அப்புறம் நடக்கலாம்" என்று படுக்க வைத்துவிடுகிறார்கள். முறிந்த எலும்பைப் பிடித்து நிறுத்தும் பிளேட் வைப்பதும், இடுப்பு மூட்டில் செயற்கைப் பந்து மாற்றுவதும் சீக்கிரம் எழுப்பி நிறுத்தத்தான். பெரும்பாலோரை மறுநாளே நிற்கவைக்கலாம். படுத்தே கிடந்தால் தொடைச்சதை கரையும், நெஞ்சில் சளி கட்டும், கெண்டைக்காலில் ரத்தம் உறையும், குதிகாலிலும் முதுகடியிலும் புண் வரும்.

வாக்கர் வாங்குமுன் கழிவறைக் கதவை அளந்து பாருங்கள். கொருக்குப்பேட்டை, காசிமேடு பக்கத்துப் பழைய குடியிருப்புகளில் பல கதவுகள் இரண்டடிகூட இராது. வாக்கர் வாசலிலேயே நின்றுவிடும். அங்கே பக்கவாட்டில் பிடித்து நுழையச் சுவரில் கைப்பிடி வேண்டும், இல்லையென்றால் கட்டிலருகே கமோடு நாற்காலி போட வேண்டும். நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரத்தில் வாக்கர் பிடி இருக்கட்டும். வாக்கரின் நான்கு கால்களிலும் உயரம் மாற்றும் பொத்தான் ஒரே அளவுத் துளையில் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ரப்பர் குமிழ் தேய்ந்துபோனால் ஈர டைல்ஸில் சறுக்கும். நாற்காலியிலிருந்து எழும்போது வாக்கரைப் பிடித்து இழுக்கக் கூடாது, அது மேலேயே சாயும். நாற்காலிக் கைப்பிடியை ஊன்றி எழுந்து, நின்றபிறகு வாக்கரைப் பிடிக்க வேண்டும். முதலில் வாக்கர், பிறகு ஆபரேஷன் ஆன கால், கடைசியாக நல்ல கால். மாடிப்படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முதலில்.

பந்து மாற்றியவர்கள் டாக்டர் சொல்லும்வரை குத்தவைப்பதும், தரையில் உட்காருவதும், கால்மேல் கால் போடுவதும் கூடாது. இடுப்பு அளவுக்கு மீறி மடங்கினால் பந்து குழியைவிட்டு நழுவும். திடீரென்று கடும் வலி வந்து, கால் குட்டையாகி உள்நோக்கித் திரும்பினால் உடனே ஆஸ்பத்திரிதான். எண்ணெய் தேய்த்து இழுத்துப் பார்க்கக் கூடாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினாலும் தேய்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இன்னொன்றை வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. ராத்திரி எழுப்ப வேண்டுமே என்று பாட்டிகள் தாங்களாகவே தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் வரும், பேச்சு குழறும். அதை 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடக் கூடாது.

கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது, விம்கோ நகரிலிருந்து மெட்ரோவும் நேராகப் போகிறது. லிப்ட் இல்லாத மூன்றாம் மாடியிலிருந்து இறங்குவது எப்படி? 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தரும் ஏற்பாடு உண்டு. ஆனால் நோயாளி வீடு திரும்பியது அந்தத் திட்டப் பணியாளர்களுக்குத் தெரிந்தால்தானே வருவார்கள்! வார்டிலிருந்து அனுப்புமுன்பே அந்தப் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல் போக வேண்டும். காலை ஊன்றலாமா, என்னென்ன கூடாது, தையல் பிரிப்பது என்றைக்கு, சந்தேகம் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று நான்கு வரி தமிழில் பெரிய எழுத்தில் சீட்டின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். வாக்கரும் கமோடு நாற்காலியும் அந்த நிலையத்திலேயே மூன்று மாதத்துக்கு இரவல் கிடைக்கச் செய்தால், திருவொற்றியூரிலும் வியாசர்பாடியிலும் பல வீடுகளுக்கு அது போதும்.

இப்படிக்கு,
முதியோர் இயன்முறை சிகிச்சைப் பணியில் உள்ள வாசகர்கள்,
தண்டையார்பேட்டை, சென்னை.