சின்னப் பெண்களின் உலகக் கோப்பைக்கும் இடம் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

17 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கோப்பை கால்பந்து 2008-ல் நியூசிலாந்தில் தொடங்கியது. முன்பு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 16 அணிகளோடு நடந்த போட்டி, 2025 முதல் ஆண்டுதோறும் 24 அணிகளோடு நடக்கிறது. போட்டி இவ்வளவு வளர்ந்துவிட்டது, ஆனால் விளையாட்டுப் பக்கத்தில் அதற்கு இன்னும் மூலையில் நாலு வரிதான்.

கொலம்பியாவின் லிண்டா கைசெடோவை எடுத்துக்கொள்ளுங்கள். 2022-ல் 17 வயதில், ஜூலையில் தென் அமெரிக்க நாடுகளுக்கான கோபா அமெரிக்கா, ஆகஸ்டில் 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை, அக்டோபரில் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை என்று ஒரே வருடத்தில் மூன்றிலும் ஆடினார். நவி மும்பையில் நடந்த அந்தக் கடைசிப் போட்டியின் இறுதி ஆட்டத்தில், 82-வது நிமிடத்தில் சக வீராங்கனை மீது பட்டு விழுந்த சுய கோலால் ஸ்பெயினிடம் கோப்பை போனது. அப்புறம் ஒன்பதே மாதத்தில் சிட்னியில், பெரியவர்களின் உலகக் கோப்பையில், ஜெர்மனியின் இரண்டு தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவே சட்டென்று திரும்பி, பந்தை வளைத்து மேல்மூலையில் போட்டாரே, அதைப் பார்த்து எல்லோரும் "யார் இந்தப் பெண்?" என்று கேட்டார்கள். இளையோர் போட்டியை ஒழுங்காக எழுதியிருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது.

இனி வருடா வருடம் நடப்பதால், ஆட்ட அட்டவணையை முன்கூட்டியே போடுங்கள், அரையிறுதிக்காவது அரைப் பக்கம் ஒதுக்குங்கள், கோலடித்த பெண்ணின் பெயரையும் படத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
கால்பந்து ரசிகை ஒருத்தி