பஃப் கையும் பின்னூசியும்

மதுரை,
பங்குனிக் கடைசி.

அன்பு மாப்ள,

நலம், நலமறிய ஆவல். வழக்கத்துக்கு எழுதிட்டேனே தவிர, நீ நலமாத்தான் இருக்கன்னு உன் கடுதாசியே சொல்லிருச்சு. உடம்புக்கு முடியாதவன் நாலு பக்கத்துக்கு இந்தக் காலத்து சினிமாவை வஞ்சுக்கிட்டு இருக்க மாட்டான். தங்கச்சியைக் கேட்டதாச் சொல்லு.

பதில் தள்ளிப் போனதுக்குக் காரணம் உனக்கே தெரியும். சித்திரைத் திருவிழா வந்தாச்சு. மேசை பூரா அழகருக்கு நேர்ந்துக்கிட்டவங்க உடுத்துற சல்லடம், கச்சை, குல்லாய்னு சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக் கிடக்கு. ராத்திரி கண்ணை மூடினாலும் உள்ளுக்குள்ள ஜிகினா மினுக்குது. தோல் துருத்தியில தண்ணி பீச்சுறவங்களுக்குத் தைக்கிறப்ப அக்குள்ல ரெண்டு விரக்கடை கூட விடணும்னு நம்ம பழைய கடை முதலாளி பாய் சொல்லுவாரே, அதை இந்த வருஷம் புதுசா வந்த பையனுக்குச் சொன்னேன். "ஏண்ணே?"ன்னான். "கையைத் தூக்கித் தூக்கிப் பீச்சணும்ல, அழகர் ஆத்துல இறங்குறதுக்கு முன்னாடி இவரு சட்டை பிரிஞ்சுரக் கூடாது"ன்னேன். பாய் சொன்ன அதே சொல்லு. சொல்லி முடிச்சப்புறம்தான் அவரு குரல் என் வாயில வந்துருச்சேன்னு பட்டுச்சு.

நம்ம கடை இருந்த புதுமண்டபத்தை விட்டு வந்ததைப் பத்திக் கேட்டிருந்த. குன்னத்தூர் சத்திரத்துக் கடை நல்லாத்தான் இருக்கு, ஷட்டர் இருக்கு, லைட்டு இருக்கு. ஆனா மே மாசத்துக்கு அந்தக் கல்லு குளுமை எங்க வரும்? வசந்த விழாவுக்குன்னே நாயக்கர் கட்டின மண்டபம்டா அது. தூணுல முதுகைச் சாச்சுக்கிட்டு எம்மிங் அடிச்சா எண்ணெய் தேச்சுக் குளிச்ச மாதிரி இருக்கும். இங்க ஃபேனைப் போட்டா சோப்புக்கட்டியில போட்ட கோடு நிக்குது, வெட்டி வச்ச துணி நிக்க மாட்டேங்குது. சரி, அந்தச் சிலைகளும் மூச்சு விடணும்ல. நம்ம ஹேங்கரை மாட்டி மாட்டியே யாளிக்கு முகம் தெரியாமப் பண்ணி வச்சிருந்தோம்.

இப்ப உன் விஷயத்துக்கு வர்றேன். பண்ணைப்புரத்துக்காரரு இளையராஜாவுக்கு அப்புறம் பாட்டே இல்லை, எல்லாம் வெறும் சத்தம்னு எழுதியிருக்க. மாப்ள, 1992ல ரகுமான் வந்தப்ப நம்ம பாய் என்ன சொன்னாரு, ஞாபகம் இருக்கா? "என்னப்பா இது, பாட்டுன்னு போட்டா மெஷின் சத்தமால வருது?" சுத்தி எட்டு மெஷின் கடகடன்னு ஓடுது, நடுவுல உட்கார்ந்துக்கிட்டு மனுஷன் இதைச் சொன்னாரு. அன்னைக்கு நாம ரெண்டு பேரும் ஊசியைக் கீழ போட்டுட்டுத் தேடுற சாக்குல மேசைக்கு அடியில சிரிச்சோம். இப்ப உன் கடுதாசியைப் படிச்சப்பயும் அந்தச் சிரிப்புத்தான் வந்துச்சு.

என் மனசுல உள்ளதைச் சொல்றேன், கோவிச்சுக்காத. பாட்டுல நான் பெரிய ஞானஸ்தன் இல்ல. காலு பெடல்ல இருக்கிறப்ப காதுல விழுந்ததுதான் என் சங்கீதம். இலங்கை வானொலியில குத்துப்பாட்டு வந்தா நம்ம கால் தானாப் பறக்கும், தையல் கோணும். பட்டுத்துணி வேலை நடக்குறப்ப பாய் எந்திரிச்சுப் போயி ரேடியோவைத் திருப்பிருவாரே! டி.எம்.எஸ். சோகப்பாட்டுன்னா ஒரு ஜாக்கெட்டு, பிசிறு இல்லாம நேர்க்கோடா வரும். பின்னாடி கோடை எஃப்.எம். வந்து, நான் மோட்டாரும் மாட்டிட்டேன். மோட்டாருக்குத் தாளம் கிடையாது. அதனால பாட்டு நல்லாயில்லாமப் போச்சா, காலுக்கு வேலை இல்லாமப் போச்சான்னு எனக்கே சரியாப் புடிபடல. இதை வச்சுத் தீர்ப்புச் சொல்ற யோக்கியதை நமக்கு இருக்கான்னு யோசிச்சுக்க.

படத்தைப் பத்தின்னா என்கிட்ட கேளு, பேசுவேன். ஏன்னா நான் படம் பாக்கலையே, துணியைத்தான பாத்தேன். இன்னைக்கும் அப்படித்தான். கிராமத்துப் படம்னு எடுக்குறாங்க, ஹீரோ வயக்காட்டுல நிக்கிறான், கழுத்துப்பட்டையில கேன்வாஸ் மொடமொடன்னு நிக்குது. நாலு தடவை துவைச்ச காலர் எப்படி மடியும்னு தெரியாதா? அத்தோட எனக்குக் கதை விட்டுப் போச்சு. பக்கத்துல மருமகன் அழுதுக்கிட்டு இருக்காரு, நான் காஜாவைப் பாத்துக்கிட்டு இருக்கேன்.

ராமராஜன் சட்டையை இன்னைக்கு எல்லாரும் கேலி பண்றாங்க. 1989ல அவரு படம் நம்ம ஊருல வருஷம் தாண்டி ஓடுனப்ப நம்ம கடையில என்ன நடந்துச்சு? கிளிப்பச்சை பாப்ளின் தீந்து, ரோஸ் தீந்து, கடைசியில எலுமிச்சை மஞ்சளுக்கு நாலு கடை ஏறி இறங்கினோம். நான் சொல்லுவேன், அந்த மேலூர்க்காரரு விவரமான ஆளு. அன்னைக்கு உசிலம்பட்டிப் பக்கம் டூரிங் கொட்டாயில திரை என்ன வெள்ளையாவா இருந்துச்சு? பீடிப் புகை, மங்கின லைட்டு. மண்ணு டிக்கெட்டுல கடைசியா உட்கார்ந்திருக்கவனுக்கும் கண்ணுல படணும்னா அந்தக் கலருதான் படும். அதுக்கு அப்புறம் மரியாதையா உடுத்தினது நம்ம வடிவேலுதான். தொளதொளன்னு தைக்கிறது லேசுன்னு நினைப்பாங்க. அளவு தப்பாத் தெரியணும், ஆனா ஆளு நடக்குறப்ப தடுக்கக் கூடாது. நீ அப்படி ஒண்ணு தைச்சுப் பாரு, அப்பத் தெரியும் அருமை.

இதெல்லாம் எழுதுறப்ப அந்தப் பஃப் கை கதை வராம இருக்குமா?

ஊரெல்லாம் நதியா வளையல், நதியா கம்மல்னு அலைஞ்ச சமயம். ஒரு காலேஜ் பொண்ணு வந்து, "அந்தப் பாட்டுல வர்ற கை மாதிரி வேணும்"னுச்சு. பாய் படம் பாக்குற ஆளு இல்ல. கல்லாவைத் திறந்து ரெண்டு டிக்கெட்டுக் காசை நம்ம கையில வச்சு, "பாட்டைப் பாக்காத, மூஞ்சியைப் பாக்காத, கையை மட்டும் பாரு"ன்னாரு. சம்பளமும் வாங்கிக்கிட்டு சினிமாவும் பாத்த பயலுக உலகத்துலயே நாம ரெண்டு பேருதான்னு நெஞ்சை நிமித்திக்கிட்டுப் போனோம். அந்தப் பாட்டு வந்துச்சு, முன்னாடி பூராப் பயலும் எந்திரிச்சு ஆடுறாங்க, பேப்பரைக் கிழிச்சு வீசுறாங்க, கை எங்கிட்டு இருக்கு, கால் எங்கிட்டு இருக்குன்னு தெரியல. செகண்ட் ஷோவுக்கு நம்ம சொந்தக் காசு. வெளியில வந்தா நீ நாலு சுருக்குங்கிற, நான் ஆறு சுருக்குங்கிறேன். ராத்திரி ஒரு மணி, கொத்துப் பரோட்டாக் கல்லுக்கு முன்னாடி நின்னு சத்தம் போட்டோம். பரோட்டா மாஸ்டர் கொத்துறதை நிறுத்திட்டு, "எந்தச் சுருக்குப்பா, கயித்துச் சுருக்கா?"ன்னு கேட்டாரு பாரு.

மறுநாள் பாய் பேப்பர்ல ரெண்டு கையும் வெட்டி, மிச்சத் துணியில தைச்சு, ஹேங்கர்ல ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணா மாட்டி வச்சாரு. அந்தப் பொண்ணு வந்து பாத்துட்டு, "ஐயோ, நான் சொன்னது வேற படம்ணே"ன்னுச்சு. அப்புறம் உன் நாலு சுருக்கையே எடுத்துக்கிச்சு. அது வேற கதை. ஆனா படத்துல இருந்தது ஆறு. நான் இன்னைக்கும் சொல்றேன், ஆறு.

போன வாரம் என்ன ஆச்சு தெரியுமா? ஒரு கல்யாணப் பொண்ணு போனை நீட்டுது. ஹீரோயின் முதுகு. ஜாக்கெட்டுப் பின்கழுத்து. படத்தை அப்படியே நிப்பாட்டி வச்சிருக்கு. அந்தக் காலத்துல நமக்கு இது கிடைச்சிருந்தா அந்த ஒரு மணிச் சண்டையே வந்திருக்காது. ரெண்டு விரலை வச்சுப் பெருசாக்கிப் பாத்தேன். இன்னும் பெருசாக்கினேன். கண்ணாடியைத் தூக்கி விட்டுப் பாத்தேன். மாப்ள, இடுப்புக்கு மேல ரெண்டு பின்னூசி! ஜாக்கெட்டு லூசு, பின்னாடி இழுத்துக் குத்தி வச்சிருக்காங்க. கோடி கோடியாச் செலவு பண்ணி எடுத்த படம், அந்தப் புள்ளைக்கு அளவெடுக்க ஒரு ஆளு இல்ல.

பொண்ணுகிட்ட காட்டினேன். "அதெல்லாம் வேணாம் மாமா, இதே ஃபிட்டிங்தான் வேணும்"னுச்சு. "பின்னூசியோடவா?"ன்னேன். அவங்க அம்மா சிரிச்சிருச்சு. பிரின்சஸ் கட்டுல உடம்போட ஒட்டுற மாதிரி தைச்சுக் குடுத்திருக்கேன். சினிமாவுல இருந்ததை விட நல்லா வந்திருக்கு. நம்ம பெருமையை நாமதான பேசணும்.

ஆனா பொழப்பு சினிமாவால ஓடல. சீரியலால ஓடுது. வீட்டுல ஆறு மணிக்கு மேல ரிமோட் என் கைக்கு வராது. மொதல்ல வஞ்சேன். தூங்கி எந்திரிக்கிறப்பயே பட்டுச்சேலை, ஆரி வேலை செஞ்ச ஜாக்கெட்டு, தலைநிறைய மல்லி, எந்த வீட்டுலடா இப்படி? பிறகு பாத்தா நம்ம கடைக்கு வர்ற பாதி ஆர்டர் அதைக் காட்டித்தான் வருது. "அந்த மாமியார் போட்டிருக்கும்ல, அந்தக் கை." மருமகளை யாரும் கேக்குறதில்ல, எல்லாருக்கும் மாமியார் கைதான் வேணும். இப்ப நானும் பாய் மாதிரி உட்கார்ந்து கையை மட்டும் பாக்குறேன்னுதான் சொல்லிக்கிறேன். உண்மையைச் சொன்னா, அந்த ரெண்டாவது மருமக வீட்டை விட்டுப் போன அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கல. இதை யாருகிட்டயும் சொல்லிறாத.

தியேட்டரைப் பத்திக் கேட்டிருந்த. தங்கம் 1952 தீபாவளிக்குப் பராசக்தியோட திறந்த கொட்டகை, 2563 சீட்டு. அந்த இடத்துல இப்ப ஜவுளிக்கடை நிக்குது. சிந்தாமணி, 1937ல வந்த அந்தப் பேருல உள்ள படத்து லாபத்துல கட்டினதுன்னு பெரியவங்க சொல்லுவாங்க, அதுவும் ஜவுளிக்கடைதான். அந்தப் பக்கம் போறப்பல்லாம் எனக்கு ஒரு குழப்பம் வரும். சினிமாக் கொட்டகையைத் துணிதான முழுங்கியிருக்கு, தையக்காரன் சந்தோஷப்பட வேண்டாமா? உள்ள போயிப் பாத்தா அம்புட்டும் ரெடிமேடு. அதுல எத்தனை கையை நீ ஒட்டினியோ! காலையில இருந்து ராத்திரி வரைக்கும் எடது கை மட்டும் வச்சுத் தைக்கிற வேலைன்னு எழுதியிருந்தியே, அதைப் படிச்சப்ப மனசு கஷ்டமாப் போச்சுடா. ஒரு முழுச் சட்டையைக் கடைசியா எப்பத் தைச்ச?

மத்தபடி சுகத்துக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு பருத்திப்பால். நம்ம வண்டிக்காரரு மகன்தான் இப்பப் போடுறாரு. கருப்பட்டி குறைஞ்சு வெல்லம் கூடியிருக்கு, சுக்கு அதே காரம். வெயிலுக்கு ஜிகர்தண்டா குடிக்கலாம்னா டாக்டர் சர்க்கரைன்னு மிரட்டி வச்சிருக்காரு, அதனால பேரன் குடிக்கிறப்ப அடியில கிடக்குற பாதாம் பிசினை மட்டும் வாங்கித் திங்கிறேன். ஞாயித்துக்கிழமை தெப்பக்குளம். இப்பல்லாம் தண்ணி கிடக்குதுடா! நாம கிரிக்கெட் ஆடின குளத்துல படகு விடுறாங்க. நீ அவுட்டான இடத்துல மேல ஒரு வாத்து போச்சு.

சினிமாவுக்கு முன்னாடி எதிர்பார்ப்பு வேணும்னு எழுதியிருந்த பாரு, முதல் நாள் முதல் காட்சின்னு. எனக்கு அது வருஷத்துக்கு ஒரு நாள் கிடைக்குது. அழகர் என்ன கலர் பட்டு உடுத்தி ஆத்துல இறங்குவாரு? விடியக்காலம் வைகைக்கரையில லட்சக்கணக்குல சனம் கழுத்தை நீட்டிக்கிட்டு நிக்கும். பச்சைன்னா ஊரு செழிக்கும். யாரும் முன்னாடியே போட்டோ விட முடியாது, டிரைலர் கிடையாது. பெட்டிக்குள்ள கையை விட்டு எடுக்குறதுதான். தூரத்துல குதிரை தலை தெரிஞ்சதுமே பக்கத்துல உள்ளவன், "பச்சையா, பச்சையா?"ன்னு என் தோளைப் புடிச்சு உலுக்குவான். நான் தையக்காரன்ங்கிறது அவனுக்கு எப்படித் தெரியும்னு தெரியல.

இந்த வருஷமாவது வா. கம்பெனியில நாலு நாள் லீவு கேளு, குடுக்கலைன்னா வயித்துவலின்னு சொல்லு. வர்றப்ப உனக்கு ஒரு சட்டை தயாரா இருக்கும். எலுமிச்சை மஞ்சள் பாப்ளின் ஒரு துண்டு மிச்சம் வச்சிருக்கேன், அந்த 89 துணிதான், மடிப்புல மட்டும் லேசா வெளுத்திருக்கு. உன் பழைய அளவு பாயோட நோட்டுல அப்படியே இருக்கு, நெஞ்சு 34ன்னு. இப்ப என்னன்னு தங்கச்சியை விட்டு டேப்பு வச்சு எடுத்து எழுதச் சொல்லு. நீ எடுக்காத, மூச்சை உள்ள இழுத்துக்குவ.

இப்படிக்கு,
ஆறு சுருக்கு