செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், தாராவியில் பல தலைமுறையாக வாழும் நம் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான மாலை வகுப்பு, நோட்டுப் புத்தகம் வழங்கல் மூன்றும் வழக்கம்போல் நடந்தன. மழைக்காலத்தில் வகுப்பறைக்குள் தண்ணீர் புகுந்ததால் சில வாரங்கள் வகுப்பு நின்றது. பிறகு வாசற்படியை உயர்த்திக் கட்டிவிட்டோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். செயற்குழு இந்த ஆண்டு அதிகம் கூடிப் பேசியது வேறொரு விஷயத்துக்காக: பிளாஸ்டிக் ரசாயனங்கள் நம் ஹார்மோன்களுக்கும் வயிற்றில் வளரும் குழந்தைக்கும் செய்யும் கெடுதல். அதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

மகளிர் அணிக் கூட்டத்தில் ஓர் அக்கா கேட்ட கேள்வியில் இது ஆரம்பித்தது. அவருடைய மருமகள், தாராவியின் மறுசுழற்சிப் பகுதியான பதின்மூன்றாம் காம்பவுண்டில் பிளாஸ்டிக் பிரிக்கப் போகிறாள். இப்போது மாசமாக இருக்கிறாள். வேலைக்கு அனுப்பலாமா, கூடாதா? பதில் தேடி, உயிரியல் ஆசிரியையாக இருக்கும் நம் உறுப்பினர் ஒருவரைப் பேச அழைத்தோம்.

பிளாஸ்டிக்கில் சேர்க்கும் சில ரசாயனங்கள் நம் உடம்பின் ஹார்மோன் வேலையில் குறுக்கிடுகின்றன என்றார் அவர். பிஸ்பினால்-ஏ என்ற ரசாயனம், பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் போய் ஒட்டும் அதே இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அதற்கு ஈஸ்ட்ரோஜன் குணம் உண்டு என்பது 1936இலேயே தெரியும். லண்டனில் சார்லஸ் டாட்ஸ் என்ற விஞ்ஞானி கண்டறிந்தார். மருந்தாக அது போகவில்லை. அதைவிட வீரியமான டி.இ.எஸ். என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன் 1938இல் வந்துவிட்டது. கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பி அந்த மருந்தை அமெரிக்காவில் கர்ப்பிணிகளுக்கு ஆண்டுக்கணக்கில் கொடுத்தார்கள். மாத்திரை சாப்பிட்டது தாய். ஆனால் அப்போது வயிற்றில் இருந்த பெண் குழந்தைகள் சிலருக்கு, வளர்ந்து ஆளான பிறகு, மிக அரிதான பிறப்புறுப்புப் புற்றுநோய் வந்தது. 1971இல்தான் அது வெளியே தெரிந்தது. பிஸ்பினால்-ஏ பிற்பாடு பாலிகார்பனேட் பிளாஸ்டிக்குக்கு மூலப்பொருளாகி, இருபது லிட்டர் தண்ணீர் கேன் வடிவில் நம் வீடுகளுக்குள் வந்துவிட்டது.

பி.வி.சி.யை வளையவைக்கச் சேர்க்கும் தாலேட்டுகள் இன்னொரு வகை. கருவில் இருக்கும் ஆண் எலிக்குட்டியின் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை இவற்றில் சில குறைத்து, பிறப்புறுப்பு சரியாக உருவாகாமல் செய்கின்றன. மனிதக் கருவிலும் அந்த உறுப்புகள் உருவாவது முதல் மூன்று, நான்கு மாதங்களில்தான். பெரியவர்கள் உடம்பு தாங்கிக்கொள்ளும் சிறு அளவுகூட அந்த நேரத்தில் பாதிக்கக்கூடும் என்பதால்தான் இவ்வளவு கவலை.

இயற்கையில் வாழும் விலங்குகளிடமும் இது தெரிந்தது. புளோரிடாவின் அப்போப்கா ஏரியில் 1980இல் பூச்சிமருந்துக் கம்பெனி ஒன்றிலிருந்து டைகோஃபாலும் டி.டி.டி.யும் கலந்தன. சில ஆண்டுகளில் அங்கே முதலைக்குட்டிகள் குறைந்தன. ஆண் முதலைகளின் உறுப்பு சிறுத்து, டெஸ்டோஸ்டிரோனும் குறைந்திருந்தது. கப்பலின் அடிப்பாகத்தில் பாசி, சிப்பி ஒட்டாமலிருக்கப் பூசிய, டி.பி.டி. என்ற ரசாயனம் கலந்த பெயின்ட்டால் பெண் கடல்நத்தைகளுக்கு ஆணுறுப்பு முளைத்தது. அந்த பெயின்ட்டுக்கு எதிரான சர்வதேச உடன்படிக்கை 2008இல்தான் அமலுக்கு வந்தது. மனிதர்களிடமும் பார்த்தோம்: கேரளத்துக் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களுக்கு மேலே எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்து தெளித்த கிராமத்துச் சிறுவர்கள் வயதுக்கு வருவது தாமதமானதை 2003இல் வெளிவந்த ஆய்வு சொன்னது. 2011இல் உச்ச நீதிமன்றம் எண்டோசல்பானைத் தடை செய்தது.

இதைக் கேட்ட பிறகு எனக்குத் தோன்றியதைப் பதிவு செய்கிறேன். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆனால் போதும், குழந்தை இல்லையே என்று நம் தெருக்களில் பெண்ணைத்தான் கேட்கிறார்கள், அவளைத்தான் கோயில் கோயிலாக அனுப்புகிறார்கள். வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளில் ஆண்களின் விந்தணு அடர்த்தி 1973க்கும் 2011க்கும் இடையில் பாதிக்கு மேல் குறைந்ததாக 2017இல் ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு கூறியது. அதற்கு ரசாயனம்தான் காரணம் என்று நிரூபணமாகவில்லை. புகைப்பழக்கம், உடல் பருமன் எல்லாம் பேசப்படுகின்றன. ஆனாலும் பரிசோதனைக்குக் கணவனும் போக வேண்டும். இதை நம் ஆண் உறுப்பினர்களிடம் கூச்சமில்லாமல் கேட்டுக்கொள்கிறேன்.

பிளாஸ்டிக் பிரிக்கும் இடங்களுக்கு நாங்களே போய்ப் பார்த்தோம். எந்த வகை என்று தெரியாத துண்டை லைட்டரால் பொசுக்கி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துதான் கண்டுபிடிக்கிறார்கள். அனுபவசாலிகளுக்கு ஒரு நொடி போதும். நாளெல்லாம் அதையே செய்கிறார்கள். பி.வி.சி. எரிந்தால் டையாக்சின் என்ற நச்சு உண்டாகும், அதுவும் ஹார்மோனைக் கெடுப்பது. முகர்வதற்குப் பதில் ஒரு வாளித் தண்ணீரில் போட்டால் பாலித்தீனும் பாலிப்ரொப்பிலீனும் மிதக்கும், பி.வி.சி.யும் பெட் பாட்டிலும் மூழ்கும். முழுத் தீர்வு இல்லைதான். முகர வேண்டிய துண்டுகள் பாதியாவது குறையும். சில கோடவுன்களில் வாளி வைக்க ஒப்புக்கொண்டார்கள். மாசமாக இருப்பவர்களை உருக்கும் மெஷின் பக்கம் விடாமல் எடை போடும் வேலைக்கு மாற்றவும் சிலர் சம்மதித்தார்கள். வேறு சிலர், "வேலை பார்க்க முடியாவிட்டால் வீட்டில் இருக்கட்டும்" என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னார்கள். அக்காவின் மருமகள் இப்போது எடை போடுகிறாள்.

சங்க விழாக்களில் சூடான டீயும் சாம்பாரும் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்குவதை நிறுத்திவிட்டோம். எவர்சில்வர் தூக்கு வாங்கியாயிற்று. தண்ணீர் கேன்களை வெயிலில் அடுக்கும் பழக்கமும் நின்றது. உணவு படும் பொருட்களில் பிஸ்பினால்-ஏ கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பரில் முடிவெடுத்தது. நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு ஒரு தீர்மானம்: பிளாஸ்டிக் வேலை பார்க்கும் நம் பெண்கள், கர்ப்பம் தெரிந்ததும் வேலையை விட்டு நிற்க நேர்ந்தால், முதல் மூன்று மாதக் கூலியில் ஒரு பகுதியைச் சங்கம் தர வேண்டும். இதற்காகத் தனி நிதி தொடங்கவும், சந்தாவை அதற்கேற்ப உயர்த்தவும் செயற்குழு பரிந்துரைக்கிறது. மேலும், பரேலில் உள்ள தேசிய இனப்பெருக்க, குழந்தை நல ஆராய்ச்சி நிறுவனத்திடம் பேச்சாளர் ஒருவரை அனுப்பக் கேட்டுக் கடிதம் எழுதவும் அனுமதி கோருகிறேன்.

உழைத்த அனைவருக்கும் நன்றி.

இப்படிக்கு,
செயலாளர்