குழியை மூடுமுன் படி

அன்பு மாப்ளே,

முதல் கடிதத்துக்குப் பதில் போடாததற்கு நேரில் திட்டிக்கொள். எல்லாரும் சௌக்கியம். தாடி உன்னை விசாரித்தான்; பழைய பந்தயத்தை இன்னும் விடவில்லை.

தோட்டத்தில் மண் உள்வாங்கிய குழியில் இரண்டு லாரி குப்பை கொட்டப்போகிறாயாமே. வேண்டாம்டா. அந்தக் குழிக்கு அடி கிடையாது, கீழே சுண்ணாம்புப் பாறைக்குள் வழி போகிறது.

மழைநீர் காற்றிலிருந்து எடுத்துவரும் கரியமில வாயு கொஞ்சம்தான். மண்ணுக்குள் வேரும் நுண்ணுயிரும் விடும் வாயு தேங்கி நிற்பதால், அங்கே அது வெளிக்காற்றைவிடப் பல மடங்கு அதிகம். அதில் லேசாக அமிலமேறிய நீர் சுண்ணாம்புப் பாறையின் விரிசலில் இறங்கி, பாறையைப் பைகார்பனேட் என்ற, நீரில் கரையும் பொருளாக்கிக் கரைத்துக்கொண்டு போகிறது. எந்த விரிசலில் நீர் கூடுதலாகப் பாய்கிறதோ அது சீக்கிரம் அகலமாகும். அகலமானதும் இன்னும் நீரை இழுக்கும். மயிரிழை விரிசல் ஆள் நுழையும் குகையாக ஆயிரக்கணக்கான வருஷம் பிடிக்கும். அதே நீர் குகைக் காற்றில் வாயுவை விட்டதும் சுண்ணாம்பு திரும்பப் படிந்து விழுதுவிடுகிறது. மேல்மண் அந்த வழியில் சரிந்து இறங்கினால் தரை உள்வாங்குகிறது. உன் குழி அப்படி வந்ததுதான்.

எனக்குப் பயமெல்லாம் கிணற்றைப் பற்றி. மணலில் ஊர்ந்து வரும் நீர் வடிகட்டப்பட்டு வரும். இந்தப் பாறை வழிகளில் குழாயில் ஓடுவதுபோல் ஓடிவிடும். 1877-ல் ஜெர்மனியில் டான்யூப் ஆறு தரைக்குள் மறையும் இடத்தில் 10 கிலோ ஃபுளோரசின் சாயம் கரைத்தார்கள். 12 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஆக் ஊற்றில் சுமார் 60 மணி நேரத்தில் பச்சை நீர் வந்தது. பிரான்சில் 1891-ல் குகை ஆய்வாளர் எதுவார் மார்த்தெல் ஓர் ஊற்று நீரைக் குடித்து நோயில் விழுந்தார். மேலே ஒரு குழியில் கன்றுக்குட்டி செத்து அழுகிக் கிடந்தது. அவர் விடாமல் வாதாடியதில், இத்தகைய குழிகளில் செத்த விலங்குகளைப் போடக்கூடாது என்று 1902-ல் சட்டமே வந்தது. உலகத்தில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் இப்படிப்பட்ட பாறை நீரை நம்பித்தான் இருக்கிறார்கள்.

பக்கத்தில் கட்டடம் இல்லையென்றால் குழியை அப்படியே விடு. சுற்றிப் புல்லும் புதரும் வளரட்டும்; உரம், பூச்சிமருந்து, மாடு எதையும் அண்டவிடாதே. மூடியே தீரவேண்டும் என்றால், தளர்ந்த மண்ணை அள்ளிப் பாறையிலுள்ள வாயைக் கண்டுபிடி. வாயகலத்தில் பாதிக்கு மேல் பருமனான கற்களை அதில் இறுக அடுக்கு. மேலே சின்னக் கல், அப்புறம் ஜல்லி, அதன்மேல் நீர் புகும், மண் புகாத துணி, கடைசியில்தான் மண். வாயில் நேரே களிமண்ணோ கான்கிரீட்டோ திணித்தால் நீர் பக்கத்தில் வேறு வழி தேடும். அடுத்த பெருமழைக்கு உள்வாங்குவது வீட்டுச் சுவரடியாக இருக்கலாம்.

கிணற்று நீரைக் கோடையில் சோதித்துவிட்டுத் திருப்திப்படாதே. பெருமழை ஓய்ந்த கையோடு எடுத்துக் கொடு. அழுக்கு அப்போதுதான் வரும். கலங்கியிருந்தால் நன்றாகக் கொதிக்கவைத்துக் குடி. கிருமி சாகும். பூச்சிமருந்து போகாது, அதனால்தான் குழியோரத்தில் அது வேண்டாம் என்கிறேன்.

லாரிக்காரரிடம் இன்றைக்கே சொல்லி நிறுத்து. குழியின் அகலம், ஆழம், அங்கிருந்து கிணறும் வீடும் எவ்வளவு தூரம், எல்லாவற்றையும் அளந்து எழுது.

அன்புடன்,
உன் மாப்ளே