ஹார்டு டிஸ்க்கை முற்றிலும் ஒதுக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக் கணினி வாங்குவோருக்காகத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரை, ஹார்டு டிஸ்க்கின் காலம் முடிந்துவிட்டது, இனி எல்லாவற்றுக்கும் எஸ்எஸ்டி (சுழலும் தட்டின்றி மின்னணுச் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் டிரைவ்) ஒன்றே போதும் என்று முடிந்திருந்தது. பாளையங்கோட்டையில் கணினி பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், அதில் பாதியைத்தான் என்னால் ஏற்க முடிகிறது.

வேகத்தைப் பொறுத்தவரை வாதத்துக்கே இடமில்லை. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஹார்டு டிஸ்க்கின் தட்டு ஒரு சுற்றை முடிக்கவே 8 மில்லி வினாடிக்கு மேல் ஆகிறது. அதோடு, தரவைப் படிக்கும் முள்ளும் நகர்ந்து உரிய இடத்தைத் தேட வேண்டும். அசையும் உறுப்பே இல்லாத எஸ்எஸ்டியோ, ஒரு மில்லி வினாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் பதில் தந்துவிடுகிறது. விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை இங்கொன்றும் அங்கொன்றுமாக எடுக்க வேண்டியிருப்பதால், இந்த வேறுபாடு நம் கண்ணுக்கே தெரிகிறது. 2011 முதல் அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் இன்றும் நம் மாவட்டத்தில் பல வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் உள்ள இரண்டரை அங்குல ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் அதே அளவுள்ள சாட்டா (ஹார்டு டிஸ்க்கும் பயன்படுத்தும் இணைப்பு வகை) எஸ்எஸ்டியைப் பொருத்தி, இலகுவான லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை ஏற்றினால், பிள்ளைகள் தட்டச்சு பழகவும் பாடம் படிக்கவும் அவை தாராளமாக உதவும்.

எஸ்எஸ்டி எழுதி எழுதித் தேய்ந்துவிடும் என்ற அச்சம் வீட்டுப் பயன்பாட்டில் தேவையற்றது. 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றுக்கு நிறுவனம் 300 டெராபைட் (3 லட்சம் ஜிபி) எழுதும் அளவு உறுதியளித்திருந்தால், நாளொன்றுக்கு 30 ஜிபி எழுதினாலும் அந்த அளவைத் தொட 27 ஆண்டுகள் ஆகும். அதற்குள் கணினியே மாறிவிடும்.

நான் மாறுபடுவது சேமித்து வைக்கும் விஷயத்தில்தான். திருமண வீடியோ, காதுகுத்துப் படங்கள், பத்திரங்களின் ஸ்கேன் பிரதிகள் ஆகியவற்றை ஓர் எஸ்எஸ்டியில் ஏற்றிப் பீரோவில் பூட்டிவிட்டு, வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் ஊர் வரும்போது எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கும் குடும்பங்கள் இங்கே மிகுதி. எஸ்எஸ்டியில் தரவு நிற்பது மிக நுண்ணிய அறைகளில் சிறைப்பட்ட மின்னூட்டமாக. மின்சாரமே இல்லாமல் நெடுங்காலம் கிடந்தால் அது மெல்லக் கசியும், வெப்பம் கூடினால் கசிவும் விரைவுபடும். மின்னணுச் சில்லுகளுக்குத் தரநிலை வகுக்கும் ஜெடெக் அமைப்பு வீட்டுப் பயன்பாட்டு எஸ்எஸ்டிகளுக்கு வகுத்துள்ள அளவுகோல், எழுதும் அளவு முழுவதும் தீர்ந்த பிறகு, மின் இணைப்பின்றி, 30 டிகிரி செல்சியஸில் ஓராண்டு தரவு நிலைக்க வேண்டும் என்பதே. புதிய எஸ்எஸ்டி இதைவிடப் பல மடங்கு தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் சித்திரை, வைகாசியில் நம் ஊர் மொட்டைமாடி அறைக்குள் இருக்கும் பீரோ 30 டிகிரியில் நிற்பதில்லை. காந்தப் பதிவாகத் தரவை வைத்திருக்கும் ஹார்டு டிஸ்க்குக்கு இந்தக் கசிவு இல்லை. அதே பணத்துக்குக் கொள்ளளவும் அதிகம். ஆண்டில் சிலமுறை எடுத்து ஓட்டிப் பார்ப்பதும், ஓடும்போது கீழே விழாமல் காப்பதும் போதும்.

இன்னொரு வேறுபாட்டையும் கட்டுரை தொடவில்லை. ஹார்டு டிஸ்க்கில் தவறுதலாக அழித்த கோப்பை, அதன்மேல் வேறொன்று எழுதப்படாதவரை, பெரும்பாலும் மீட்டுவிடலாம். எஸ்எஸ்டியில் டிரிம் என்ற ஏற்பாடு, அழித்த கோப்பு இருந்த அறைகளைத் தானாகவே துடைத்துவிடுவதால், வாடிக்கையாளர் கடைக்கு வந்து சேர்வதற்குள் பல நேரங்களில் மீட்பதற்கு ஒன்றுமே மிஞ்சுவதில்லை.

ஆகவே, இயங்குதளத்துக்கும் அன்றாட வேலைக்கும் 256 அல்லது 512 ஜிபி எஸ்எஸ்டி, படங்களுக்குப் பெரிய ஹார்டு டிஸ்க், அதன் பிரதி வேறொரு வீட்டில் என்பதே நான் சொல்லும் ஏற்பாடு. வேறொரு வீட்டில் என்பதை 2023 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட தாமிரபரணிக் கரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. (நீரில் நனைந்த எந்த டிரைவையும், உலர்ந்ததுபோல் தெரிந்தாலும், உடனே மின்சாரத்தில் இணைத்துச் சோதிக்கக் கூடாது.) திடீர் மின்வெட்டு இரண்டு வகைக்குமே கேடு என்பதால், மேசைக் கணினிக்கு யுபிஎஸ் வாங்கும் செலவைத் தள்ளிப்போட வேண்டாம்.

கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரசீதில் ‘512 எஸ்எஸ்டி’ என்று மட்டும் எழுதுகிறார்கள். நொடிக்கு ஏறத்தாழ 550 எம்பி தரும் சாட்டா வகையும், 3,000 எம்பிக்கு மேல் தரும் என்விஎம்இ வகையும் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. எம்.2 என்ற சிறு பட்டை வடிவில் வரும்போது இரண்டும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். வீட்டு வேலைக்குச் சாட்டாவே போதும் என்பது என் கருத்து. ஆனாலும் வகை, மாடல் எண், உத்தரவாத ஆண்டுகள் ஆகிய மூன்றையும் ரசீதில் குறித்துத் தந்தால், பின்னாளில் உத்தரவாதம் கேட்டு வருவோருக்கும் பழுதுபார்க்கும் எங்களுக்கும் அலைச்சல் குறையும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பாளையங்கோட்டை.