அந்தக் குச்சியை எடுத்துவிடு

அம்மாடி,

நேற்று நீ ஃபோனில் சிரித்துக்கொண்டே சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. தகடு அழுத்துகிற பிரஸ் மெஷினின் இரண்டு பட்டனில் ஒன்றில் குச்சியைச் செருகிவிட்டு, ஒற்றைக் கையால் ஓட்டுகிறேன் என்றாய். அப்போதுதான் ஷிஃப்டுக்குள் எண்ணிக்கை முடிகிறதாம். நான் பதறியதும் பேச்சை மாற்றிவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன்.

தாங்களே வலியப் போய் உயிரை விட்டவர்களின் கதைகளை எனக்கு அனுப்புகிறவள் நீதான். நானும் படித்துச் சிரித்திருக்கிறேன். 1993இல் டொராண்டோவில் ஒரு வக்கீல், ஆபீஸ் ஜன்னல் கண்ணாடி எவ்வளவு உறுதி என்று காட்ட 24ஆம் மாடியில் ஓடிப்போய் அதன்மேல் மோதினார். கண்ணாடி உடையவில்லை. ஃபிரேமிலிருந்து பிடிப்பு விட்டு, அவரோடு சேர்ந்து வெளியே போய்விட்டது. சிரித்தோம், சரி. ஆனால் அவர் அதற்கு முன்னால் பல தடவை அப்படி மோதிக் காட்டியவர் என்பதை நீ கவனித்தாயா?

1871இல் ஒஹாயோவில் கிளெமென்ட் வலாண்டிகம் என்று ஒரு வக்கீல். ஒரு கொலை வழக்கில், செத்துப்போனவன் தன் துப்பாக்கியாலேயே தவறுதலாகச் சுட்டுக்கொண்டிருப்பான் என்பது அவருடைய வாதம். எப்படி என்று நண்பர்களுக்குச் செய்து காட்டினார். கையில் எடுத்தது குண்டு போட்டிருந்த துப்பாக்கி. மறுநாள் இறந்தார். கட்சிக்காரருக்குப் பிறகு விடுதலை கிடைத்தது.

என்னைத் தூங்கவிடாதவர் இவர்களில் யாருமில்லை, லூயிஸ் ஸ்லோட்டின். அமெரிக்காவில் லாஸ் அலமோஸில் அணுகுண்டு வேலை பார்த்த விஞ்ஞானி. புளூட்டோனியம் உருண்டையின் மேல் பெரிலியக் கிண்ணத்தைக் கவிழ்க்க வேண்டும், ஆனால் முழுக்க மூடிவிடக் கூடாது, மூடினால் ஆளைக் கொல்லும் கதிர்வீச்சு கிளம்பும். இடைவெளிக்கென்று வைக்க வேண்டிய கட்டைகளை எடுத்துவிட்டு, ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையைக் கொடுத்துத் தூக்கிப் பிடிப்பார். அதே உருண்டையால் முந்தின வருஷம்தான் கூட வேலை செய்த ஒருவர் இறந்திருந்தார். அது அவருக்குத் தெரியாததல்ல. 1946 மே 21, ஸ்க்ரூடிரைவர் வழுக்கியது. கிண்ணம் மூடி நீல வெளிச்சம் பளிச்சிட்டது. உடனே கையால் தட்டிவிட்டார், அறையிலிருந்த மற்ற ஏழு பேர் அன்று பிழைத்தார்கள். அவர் ஒன்பதாம் நாள் போய்விட்டார். வயது 35.

அவரை முட்டாள் என்று யாரால் சொல்ல முடியும்? அந்த வேலையில் அவரைவிடத் தெரிந்தவர்கள் ரொம்பக் குறைவு. நேற்று ஒன்றும் ஆகவில்லை, அதனால் இன்றும் ஆகாது என்று கை நம்பிவிட்டது. உன் கையும் இப்போது அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறது. எத்தனை நாளாகச் செய்கிறேன் தெரியுமா என்று நீ கேட்டபோதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அந்த இரண்டாவது பட்டன் உன் வேலையைத் தாமதமாக்க வைத்ததில்லை, அம்மாடி. இரண்டு கையும் பட்டன்மேல் இருந்தால் எந்தக் கையும் தகட்டை அழுத்துகிற அச்சுக்கு, அந்த டைக்கு, அடியில் போகாது. அதற்காக மட்டுமே வைத்தது. குச்சி செருகியதும், சும்மா இருக்கிற கை கோணலாய்க் கிடக்கும் தகட்டைச் சரிசெய்யத் தானாகப் போகும். நீ யோசிப்பதற்குள் போய்விடும்.

எண்ணிக்கை குறைந்தால் குறையட்டும். மேலே கேட்டால், இரண்டு கையால் ஓட்டினால் இவ்வளவுதான் வரும் என்று நேராகச் சொல். அதற்காக வேலையே போனாலும் நானும் அம்மாவும் இருக்கிறோம்.

நாளைக்கு ஷிஃப்ட் தொடங்கும் முன் குச்சியை எடுத்துவிட்டு எனக்கு ஃபோன் பண்ணு. விடியற்காலை என்றாலும் பரவாயில்லை, விழித்துத்தான் இருப்பேன்.

அப்பா